மறைக்க ஒன்றுமில்லாத ஊர்

ஓஸ்டர்வார்டில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தால் ஊருக்கே முகம் தொங்கிப்போகும். குடியிருந்தவர் போகிறாரே என்ற வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு யாரோ வரப்போகிறார்களே என்ற வருத்தம்.

ஊர் ஒன்றும் பெரிதில்லை. கரைமேல் ஒரு சாலை, சாலையோரம் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாடுகள். அந்த மாடுகள்கூடக் கத்துவதற்கு முன் இரண்டு தரம் யோசிக்கும். பள்ளிக்கூடத்தை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லாததால் மூடுகிறோம் என்றது அரசாங்கம். ஊரின் அமைதி முழுமை பெற்றது என்று தீர்மானம் போட்டுக் கேக் வெட்டியது ஊர்ச் சங்கம்.

இந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அங்கே வீடுதான் வீட்டுக்காரருடையது. வீடு நிற்கிற மண் சங்கத்துடையது. சங்கம் தலையாட்டாமல் யாரும் எதையும் விற்க முடியாது, வாங்கவும் முடியாது. சங்கத்தில் எந்த முடிவும் ஏகமனதாகத்தான் எடுக்கப்படும். ஒருவர் முகம் சுளித்தாலும் மறுபடி காப்பி போட்டு முதலிலிருந்து பேசுவார்கள். வாய்க்கால் பாலத்துக்கு எந்தப் பச்சை அடிப்பது என்று ஒருமுறை பேச ஆரம்பித்தார்கள். பேசி முடிப்பதற்குள் பாலம் இற்று விழுந்துவிட்டது. அது விழுந்ததில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று பதிவு செய்துகொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் வீடு வாங்க வந்தான் ஹார்மன்.

ரோட்டர்டாமில் டிராம் ஓட்டுகிறவன். அவனும் அவன் மனைவி ஃபெம்கேயும் வாடகைக்கு இருந்த அடுக்குமாடியை இடிக்கப்போகிறார்கள். குளிர்காலத்துக்குள் காலி பண்ணியாக வேண்டும். ஃபெம்கேவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். நகரத்தில் அவர்கள் பார்க்கப் போன வீடுகளையெல்லாம், இவர்கள் படியேறிப் போவதற்குள் முன்னால் ஏறிப்போனவர்கள் வாங்கிவிட்டார்கள். குழந்தை வருவதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். அவர்களுக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே கிடையாது.

வீட்டைக் காட்டியவர் வீபெ. வீடு அவருடையதுதான். சிவப்பு ஓடு, பின்னால் ஓர் ஆப்பிள் மரம், முன்னறையில் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சன்னல். சன்னலுக்குத் திரை கிடையாது. ஊரில் எந்த வீட்டுக்குமே கிடையாது. திரை போடுகிறவன் உள்ளே எதையோ ஒளிக்கிறான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"நீங்க இந்த ஊர்தானே?" என்று கேட்டாள் ஃபெம்கே.

"இல்லம்மா, நான் ஃப்ரீஸ்லாந்து. இங்க புதுசு."

"எப்ப வந்தீங்க?"

"முப்பத்தோரு வருஷம் ஆச்சு."

ஹார்மன் சிரித்துவிட்டான். வீபெ சிரிக்கவில்லை.

"கிண்டல் பண்ணல தம்பி. எம் பொண்டாட்டி அன்னெகே இங்க பொறந்தவ. அதனாலதான் என்னை உள்ள விட்டாங்க. ஊர்ல என் பேரு 'அன்னெகேவோட வீட்டுக்காரர்'. அவ போய்ச் சேந்துட்டா. இப்ப 'காலமான அன்னெகேவோட வீட்டுக்காரர்'. போன வாரம் தபால்காரன் வீபென்னு கூப்பிட்டான், வேற யாரையோன்னு திரும்பிப் பாத்தேன்." அவர் சன்னலைக் கைக்குட்டையால் துடைத்தார். "தம்பி வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். அங்க எல்லாரும் என்னைப் பேர் சொல்லித் திட்டுவாங்க. அது போதும்."

"எங்களுக்கு வீடு பிடிச்சிருக்கு" என்றான் ஹார்மன்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா நம்மள யாரு கேட்டா? உங்களுக்கு முன்னாடி ஏழு பேர் வந்தாங்க. ஒருத்தர் மோட்டார் சைக்கிள் வெச்சிருந்தார். ஒருத்தர் குளிக்கும்போது பாடுவாராம், அவரே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டார். ஒரு அம்மா காரணமில்லாம சிரிச்சாங்க. எல்லாரையும் அனுப்பிட்டாங்க. சாயந்தரம் சங்கத்துல காப்பிக்கு வரச் சொல்லியிருக்காங்க, போய்ப் பாருங்க."

சங்கக் கட்டடத்தின் வாசலுக்கு மேலே ஒரு கல் பதித்திருந்தது. 'இம்மண்ணில் பிறந்தோர்க்கு இம்மண்ணும் சபையில் ஒரு குரலும் உரியன' என்று அதில் வெட்டியிருந்தது. உள்ளே தலைவர் ஃபான் ஆல்டரன் உட்கார்ந்திருந்தார். ஆயுசு முழுக்கக் கரைகளைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரை வெளியே நிறுத்திப் பழகிய கை. பக்கத்தில் செயலாளர் ட்ரூஸ் ஸ்லோப் அம்மா, மடியில் பிஸ்கட் டப்பாவுடன். சங்கத்தில் வயதில் இளையவர் யாரோ அவரிடம்தான் டப்பா இருக்க வேண்டும் என்பது மரபு. ட்ரூஸ் அம்மாவுக்கு அறுபத்தொன்று.

"வாங்க டிராம்காரரே" என்றார் தலைவர். "வெளியில எங்களைப் பத்தித் தப்பாப் பேசுவாங்க. நம்பாதீங்க. நாங்க யாரையும் தடுக்கறதே இல்ல. இது திறந்த ஊர். யார் வேணும்னாலும் வரலாம். வந்து, நிதானமாப் பாத்துட்டு, திரும்பிப் போகலாம். போறதுக்காகத்தான் ரோட்டை அவ்வளவு நல்லா வெச்சிருக்கோம்."

"ரொம்ப நன்றிங்க ஐயா" என்றான் ஹார்மன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"எங்க நோக்கம் ஒண்ணே ஒண்ணுதான். ஊர் இப்ப எப்படி இருக்கோ, அப்படியே இருக்கணும். புது ஆள் வந்தா ஊர் மாறிடும். ஆளே வரலன்னா ஊரே இருக்காதுன்னும் சிலர் சொல்றாங்க. அதுவும் ஞாயம்தான். அதையும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். அவசரப்பட்டு முடிவெடுக்கறது எங்களுக்குப் பழக்கமில்ல."

"வாசல்ல ஒரு கல்லு பாத்தோம்" என்றாள் ஃபெம்கே.

தலைவரின் முகம் மலர்ந்தது. "எங்க கொள்ளுத்தாத்தா வெட்டினது. இங்க பொறந்தவங்ககிட்ட நாங்க ஒரு கேள்வி கேக்க மாட்டோம். குடிகாரனா? இருந்துட்டுப் போறான். ஊர்க் காசைத் தின்னுட்டானா? நம்ம பையன், பசிச்சிருக்கும். பொறந்ததே தகுதி. மத்தவங்களுக்குத்தான் தகுதி இருக்கான்னு தேடிப் பாக்க வேண்டியிருக்கு. எங்களுக்கு மட்டும் அதுல சந்தோஷமா, சொல்லுங்க?"

காப்பி வந்தது. ட்ரூஸ் அம்மா டப்பாவைத் திறந்து நீட்டினார். ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்கள். ஹார்மன் விடிகாலையில் வண்டி எடுத்து, மதியம் சாப்பிடாமல், பஸ் பிடித்து வந்திருந்தான். டப்பா இன்னும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பேசிக்கொண்டே இன்னொரு பிஸ்கட்டுக்குக் கையை நீட்டினான்.

டப்பாவின் மூடி 'டப்' என்று விழுந்தது. ஹார்மன் விரலை மயிரிழையில் காப்பாற்றிக்கொண்டான்.

"மனசு விட்டுப் பழகறவர்" என்றார் தலைவர். ட்ரூஸ் அம்மா அதை ஒரு தீராத நோயின் பெயரைப் போல இரண்டு தரம் முணுமுணுத்துக்கொண்டார்.

ஹார்மனைக் காப்பாற்றுவதாக நினைத்து ஃபெம்கே, "எனக்காகத்தான் எடுத்திருப்பார். ரெண்டு பேருக்குச் சாப்பிடறேன் இல்லையா?" என்று தன் வயிற்றைக் காட்டினாள். அதோடு அன்றைய கூட்டம் அந்த விவகாரத்தில் இறங்கிவிட்டது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குத் தனி பிஸ்கட் உண்டா இல்லையா?

"குழந்தை இன்னும் ஊருக்குள்ளயே வரலையே. வராதவங்களுக்கு எப்படி பிஸ்கட் தர்றது?" என்றார் ட்ரூஸ் அம்மா.

"வந்தா தருவோம்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "பொறந்து வரட்டும். பொறந்தவங்களுக்கு நாங்க என்னிக்கும் குறை வெச்சதில்ல."

பஸ்ஸில் திரும்பும்போது ஃபெம்கே கேட்டாள். "நமக்கு வீடு கிடைக்குமா ஹார்மன்?"

"ஒரு பிஸ்கட்டுக்காகவா கிடைக்காம போயிடும்?" என்றான் அவன். பாவம், அப்போது அவனுக்கு அந்த ஊரைத் தெரியாது.

கோடையில் தலைவருடைய பிறந்தநாள் வந்தது. இருவரையும் அழைத்திருந்தார்கள். அழைப்பு என்றால் பரீட்சை என்று வீபெ எச்சரித்திருந்தார். நாற்காலிகளைச் சுவரோரமாக வட்டமாகப் போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. உள்ளே வருகிறவர் வட்டம் முழுக்கச் சுற்றி ஒவ்வொருவர் கையையும் குலுக்கி வாழ்த்த வேண்டும். பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்தினால் போதாது. அவர் மனைவியை, மைத்துனரை, பக்கத்து வீட்டுக்காரரை, பக்கத்து வீட்டுக்காரரின் பக்கத்து வீட்டுக்காரரை, "உங்க ஃபான் ஆல்டரனுக்குப் பொறந்தநாள், உங்களுக்கு வாழ்த்துகள்" என்று தனித்தனியாக வாழ்த்த வேண்டும். ஹார்மன் ஒருவரையும் விடவில்லை. கை வலிக்க வலிக்கக் குலுக்கினான். செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வட்டத்துக்கு வெளியே, முக்காலியில் உட்கார்ந்திருந்த வீபெயையும் விடவில்லை. அவரை முதலில் வாழ்த்தினான் என்பது ஒரு குறை. அதைக்கூட மன்னித்திருப்பார்கள்.

"என்னை விட்டுட்டீங்களே?" என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் தலைவரின் நாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அவன் வாழ்த்துச் சொல்லவில்லை; அது இந்த ஊரில் பிறந்த நாய்.

அடுத்த மாதம் ட்ரூஸ் அம்மா சத்தம் அளக்கும் கருவியோடு வந்தார். வீபெயின் முன்னறையில் ஹார்மனை நடக்கச் சொன்னார், கதவைச் சாத்தச் சொன்னார், சூப் குடிக்கச் சொன்னார், கடைசியில் தும்மச் சொன்னார். தும்மல் வரவில்லை. மிளகுப் பொடியை அவரே கையோடு கொண்டுவந்திருந்தார்.

"பரவாயில்ல, அடக்கமாத்தான் தும்மறார்" என்று கருவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஃபெம்கே பக்கம் திரும்பினார். "குழந்தை அழுமா?"

"குழந்தைன்னா அழுங்க."

"ஒரு நாளைக்கு சுமாரா எவ்வளவு?"

"அதைக் கேட்டுச் சொல்லணும்" என்றாள் ஃபெம்கே. "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். அழறதுக்கு முன்னாடி சங்கத்துல மனு போடச் சொல்றேன்."

ட்ரூஸ் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு பொறுப்பா இதுவரைக்கும் யாருமே பேசினதில்லம்மா" என்றார்.

ஹார்மன் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். சிரிப்பது கருவியில் பதிவாகுமோ என்று பயம்.

கடைசிச் சோதனை சன்னல் சோதனை. வாங்க வருகிறவர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டு முன்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு குடியிருக்கிற மாதிரியே உட்கார்ந்திருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் பாட்டுக்குச் சாலையில் போவார்கள், வருவார்கள். யாரும் உள்ளே பார்க்க மாட்டார்கள். அப்படிப் பார்க்காமலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள்.

ஹார்மனுக்குக் கிடைத்த சனிக்கிழமை அக்டோபர் கடைசியில். அடுக்குமாடியில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். ஃபெம்கேவுக்கு நாள் நெருங்கியிருந்தது. அன்று காலையிலிருந்தே அவளுக்கு இடுப்பு விட்டு விட்டு வலித்தது. "தள்ளிப் போடச் சொல்லலாம்" என்றான் ஹார்மன்.

"தள்ளிப் போட்டா அடுத்த முறை வசந்தத்துலதான்னு ட்ரூஸ் அம்மா சொன்னாங்கல்ல? பிள்ளையைத் தூக்கிக்கிட்டு டிராம்லயா குடியிருக்கப் போறோம்? வலி வந்தா வரட்டும், உக்காந்துடறேன்."

வீபெ வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. தலைவர் சங்கத்தின் கொடியைக் கொண்டுவந்து முன்னறையில் ஊன்றி வைத்திருந்தார். உத்தியோகபூர்வமான சாயங்காலம் என்றால் கொடி இருந்தாக வேண்டுமாம். நீல வெல்வெட்டில், ஆள் உயரத்துக்கு மேல் அகலமாக, தங்க எழுத்தில் 'மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை' என்று தைத்திருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, "இயல்பா இருங்க" என்று சொல்லி வெளியே போய், இயல்பாக நடக்க ஆரம்பித்தார்.

இருட்டியதும் ஊரே நடந்தது. நாய் வைத்திருந்தவர்கள் நாயோடு நடந்தார்கள். நாய் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நாயைக் கடன் வாங்கி நடந்தார்கள். போன மாதம் இடுப்பெலும்பு ஒடிந்த ஒருவர் சக்கர நாற்காலியில் நான்கு முறை போனார். ஒருவர் கழுத்தும் சன்னல் பக்கம் திரும்பவில்லை. கண் மட்டும் எப்படியோ திரும்பியது. ஹார்மன் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தான். ஃபெம்கே சோபாவின் கையைப் பிடித்தபடி புன்னகை செய்துகொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அந்தப் புன்னகை ஒரு பக்கமாகக் கோணியது.

"ஹார்மன். இது இடுப்பு வலி இல்ல."

"என்ன?"

"பிரசவ வலி. மூஞ்சிய அப்படி வெச்சுக்காதே, பாக்கறாங்க."

வீபெ அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். பக்கத்து டவுனிலிருந்த மருத்துவச்சிக்குப் போன் பண்ணினார். மருத்துவச்சி உடனே கிளம்பிவிட்டாள், ஆனால் கரைமேல் அவள் கார் நகரவில்லை. "இங்க என்ன திருவிழாவா?" என்று கண்ணாடியை இறக்கிக் கத்தியிருக்கிறாள். "இல்லம்மா, சும்மா காத்தாட நடக்கறோம்" என்று பதில் சொல்லி, எல்லோரும் சும்மா அங்கேயே நின்றார்கள். காரை விட்டுவிட்டுப் பையோடு நடந்தே வந்தாள்.

ஃபெம்கேயைப் பார்த்ததும், "ஆஸ்பத்திரிக்கெல்லாம் நேரமில்ல, வீட்டுலயே ஆகட்டும். நம்ம நாட்டுல வீட்டுப் பிரசவம் ஒண்ணும் புதுசில்லையே" என்றாள். பிறகு சன்னலைப் பார்த்தாள். சன்னல் நிறைய முகங்கள், எல்லாம் வேறு பக்கம் திரும்பிய முகங்கள். "முதல்ல அந்தத் திரையைப் போடுங்க."

"திரை இல்லைங்க" என்றான் ஹார்மன்.

"என்னது? அப்ப கிடைச்சதைப் போடுய்யா!"

மாடிக்கு ஃபெம்கேயால் ஏற முடியவில்லை. போர்வை சன்னலில் பாதிக்குக்கூட வராது. ஹார்மன் சுற்றுமுற்றும் பார்த்தான். வீபெயும் பார்த்தார். இருவர் பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது. வீபெ கொடிக்கம்பை உருவினார், ஹார்மன் நாற்காலிமேல் ஏறினான். சன்னல் அளவுக்கே தைத்த மாதிரி பொருந்தியது.

வெளியே நடந்துகொண்டிருந்த ஊர் நின்றுவிட்டது. அந்த ஊரில் ஒரு சன்னல் மூடியதை உயிரோடிருக்கிற யாரும் பார்த்ததில்லை. அதுவும் தெருவிளக்கு வெளிச்சத்தில் 'மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை' என்பது மட்டும் பளபளவென்று தெரிந்தது. தலைவர் கதவைத் தட்டினார். வீபெ பாதி திறந்து குறுக்கே நின்றார்.

"உள்ள என்ன நடக்குது, அன்னெகே வீட்டுக்காரரே?"

"குழந்தை பொறக்குது."

"அது சரி. நல்ல விஷயம். ஆனா சன்னலை மூடியிருக்கே?"

"குழந்தை பொறக்குதுங்க!"

"அதான் சரின்னு சொல்லிட்டேனே. நாங்க எட்டிப் பாக்கற ஜனங்க இல்லன்னு உங்களுக்கே தெரியும். இத்தனை வருஷத்துல நான் எந்த வீட்டுக்குள்ளயும் பாத்ததே கிடையாது. ஆனா பாக்கவே முடியாமப் பண்றது வேற விஷயம். அது எங்க மேல நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடுது. என் மனசு எவ்வளவு புண்பட்டிருக்குன்னு..."

வீபெ முப்பத்தோரு வருஷத்தில் முதல் முறையாகத் தலைவரின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். நன்றாக, ஓங்கி. வெளியே ட்ரூஸ் அம்மா கையிலிருந்த கருவி ஒரு துள்ளு துள்ளியது. அது அடங்குவதற்குள் உள்ளேயிருந்து இன்னொரு சத்தம் கிளம்பியது. முள் ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டு திரும்பி வரவே இல்லை. பிறகு பழுது பார்க்க அனுப்பியும் அது சரியாகவில்லை.

பெண் குழந்தை. மிர்தே என்று பெயர் வைத்தார்கள்.

மறுவாரம் சங்கம் கூடியது. கொடியைத் திரையாக்கியது, சன்னலை மூடியது, இரண்டாவது பிஸ்கட், நாயை அவமதித்தது என்று ட்ரூஸ் அம்மா குற்றங்களை அடுக்கினார். ஹார்மன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். போகப் போக அவன் காதில் எதுவும் விழவில்லை. மிர்தே வாழ்க்கையின் முதல் குளிர்காலத்தை யார் வீட்டுச் சோபாவில் கழிக்கப் போகிறாள் என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது. அழுதால் அதையும் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று அடக்கிக்கொண்டான்.

"எங்களுக்கு யார் மேலயும் கோபமில்ல" என்றார் தலைவர். "இவங்க நல்லவங்க. நல்லவங்க எங்க வேணும்னாலும் வாழலாம், இங்கதான் வாழணும்னு இல்லையே. ஆகவே இந்தக் குடும்பத்தோட விண்ணப்பத்தை நிராகரிக்கறோம். ஆட்சேபணை உண்டா?"

மிர்தே வீறிட்டாள்.

"குழந்தையைக் கொஞ்சம் வெளியில..." என்று ஆரம்பித்தார் ட்ரூஸ் அம்மா.

"எதுக்கு வெளியில?" ஃபெம்கே எழுந்து நின்றாள். "இவ இங்க பொறந்தவ. கல்லுல வெட்டியிருக்கே, மண்ணும் உண்டு, சபையில ஒரு குரலும் உண்டுன்னு. குரலைத்தான் குடுக்கறா. உங்களுக்குக் கேக்கலையா?"

தலைவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அது... கல்லு பெரியவங்களுக்கு..."

"வயசு எங்கயும் போடல. நீங்கதானே சொன்னீங்க, பொறந்ததே தகுதின்னு? பொறந்தவங்ககிட்ட ஒரு கேள்வி கேக்க மாட்டோம்னு? ஆஸ்பத்திரிக்குப் போகாம இந்த மண்ணுலயே ஒரு பிள்ளை பொறந்து எத்தனை வருஷம் ஆச்சு, அதை யோசிச்சீங்களா?"

யோசித்தார்கள். காப்பி போட்டு யோசித்தார்கள். இந்தச் சிறுமியின் குரல் செல்லாது என்று தீர்மானம் போடலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கும் ஏகமனது வேண்டும். சிறுமியைக் கேட்டார்கள். சிறுமி இன்னும் பலமாக ஆட்சேபித்தாள். குழந்தை தூங்கும்போது ஓட்டெடுக்கலாம் என்றார் இன்னொருவர். தூங்குகிற உறுப்பினர் இருக்கும்போது ஓட்டெடுக்கக் கூடாது என்று பழைய விதி ஒன்று இருந்தது. இல்லாவிட்டால் அந்தச் சங்கத்தில் பாதிப் பேர் எப்போதோ வீடிழந்திருப்பார்கள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீபெயின் வீடு செல்வி மிர்தேவுக்கு உரியது. அவளோடு இரண்டு வெளியூர்க்காரர்கள் தங்கியிருக்கிறார்கள். அவள் மனது வைக்கும்வரை அவர்கள் தங்கியிருக்கலாம். இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மிர்தேவும் அப்போது பால் குடித்துக்கொண்டிருந்ததால் பேசாமல் இருந்தாள்.

வீபெ தன் இரண்டு பெட்டிகளோடு ஃப்ரீஸ்லாந்துக்குக் கிளம்பினார். "ஹார்மன்னு கூப்பிடுவாங்கன்னு எதிர்பாக்காதே" என்றார் பஸ்ஸில் ஏறும்போது. "இனி நீ மிர்தேவோட அப்பா. என்னோடதை விட அது நல்ல பேருதான்."

அப்படியேதான் ஆயிற்று. மிர்தேவின் அப்பா புல் வெட்டினான், மிர்தேவின் அப்பா குப்பைத் தொட்டியை வெளியே தள்ளினான், மிர்தேவின் அப்பா எல்லோரோடும் வட்டத்தில் உட்கார்ந்து நாய்க்கு வாழ்த்துச் சொன்னான். வீடு கதகதப்பாக இருந்தது. ஆப்பிள் மரம் காய்த்தது. மிர்தே ராத்திரியில் நன்றாகவே அழுதாள். அதைத் தடுக்கும் தீர்மானம் ஒவ்வொரு மாதமும் ஒரு குரலால் தோற்றது.

இரண்டு வருஷம் கழித்து இரண்டு வீடு தள்ளி ஒரு வீடு விலைக்கு வந்தது. டென் ஹாக் நகரத்திலிருந்து ஓர் இளம் தம்பதி காப்பிக்கு வந்தார்கள். பையன் பேக்கரியில் வேலை செய்கிறான், பெண் பள்ளிக்கூட டீச்சர். சங்கத்தின் இளைய உறுப்பினர் மிர்தேதான் என்பதால் டப்பா இப்போது அவள் பொறுப்பில். அவளுக்கு இன்னும் மூடி திறக்க வராது. அதனால் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஹார்மன்தான் டப்பாவைப் பிடித்திருந்தான்.

"நாங்க யாரையும் தடுக்கறதே இல்ல" என்று ஆரம்பித்தார் தலைவர். ரோட்டைப் பற்றியும் சொன்னார். ஹார்மன் எதிரில் இருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பையனின் சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. விடியுமுன்பே அடுப்பு முன்னால் நின்றிருப்பான். அந்தப் பெண் சற்று உரக்கச் சிரித்தாள். இவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறாளே என்று ஹார்மனுக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்து டீச்சர் வேறு. இவர்கள் வந்தால் பின்னாலேயே வேறு யாரெல்லாம் வருவார்களோ.

பையன் பேசிக்கொண்டே இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கையை நீட்டினான்.

'டப்.'

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூடியின் மேல் இருந்தது ஹார்மனின் கை. எதிரே பையன் விரலை உதறிக்கொண்டு, என்ன தப்பு செய்தோம் என்று விழித்தான். ஃபெம்கே கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வீட்டுக்குப் போனதும் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

"நன்றி, ஹார்மன்" என்றார் தலைவர்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கு உள்ளுக்குள் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.